குதிகாலால் அடைத்த குழாய்

பூந்தமல்லியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஏழு குழாய்கள். எங்களுக்கு முன்னால் அங்கே குடியிருந்த வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரி ஒருவர் தன் சௌகரியத்துக்காகப் போட்டுக்கொண்டவை. கிணற்றடியில் ஒரு கைப்பம்பு. அதை அடித்தால் தண்ணீர் மொட்டை மாடியில் இருந்த இரும்புத் தொட்டிக்கு ஏறும். தொட்டியின் அடியிலிருந்து ஒற்றைக் குழாய் கீழே இறங்கி, மாடித் தரையைத் துளைத்துக்கொண்டு படுக்கையறைச் சுவருக்குள் நுழைந்து, அங்கிருந்து கிளை பிரிந்து குளியலறை, சமையலறை, பின்கட்டு என்று ஏழு இடங்களில் தலைநீட்டும்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து பட்டணத்தைக் காலி செய்த ஜனங்கள் மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்த சமயம் அது. என் கணவர் ஆவடியில் பட்டாளத்து டிப்போ ஒன்றில் படம் வரையும் வேலையில் இருந்தார். தினமும் சைக்கிளில் போய் வருவார். நான் பக்கத்தில் மிஷன் பெண்கள் பள்ளியில் டீச்சர். கல்யாணமாகி இரண்டு வருஷம். குழந்தை இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் பாரிவாக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து ஒரு மணி நேரம் பம்பு அடித்துத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போவாள். ஒல்லியான தேகம், ஆனால் அவள் அடிக்கும்போது பம்பு முனகுவது தெருவரை கேட்கும்.

குடிவந்த முதல் வாரமே என் கணவர் அந்த வீட்டுக் குழாய்களை எல்லாம் ஒரு தாளில் படமாக வரைந்துவிட்டார். சுவர், குழாய், வளைவு எல்லாம் கறுப்பு மையில். தொட்டிக்கு அடியில் தண்ணீரை நிறுத்துவதற்கான வால்வு மட்டும் சிவப்பு மையில். "எது ஆனாலும் இதை மூடினாப் போதும். வீடு முழுக்க தண்ணி நின்னுடும்" என்று எனக்குக் காட்டினார். அழகான படம். ஆனால் அவர் மாடிக்குப் போய் அந்த வால்வை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. நானும்தான்.

புரட்டாசி கடைசியில் படுக்கையறைச் சுவரின் உச்சியில், கூரையும் சுவரும் சேரும் இடத்தில், ஈரம் தெரிந்தது. முதலில் உள்ளங்கை அகலம். பிறகு முறம் அகலம். நான் அவரிடம் சொன்னேன்.

"மழை பெய்யுது, கசியுது. இந்தக் காலத்து வீடா இது?" என்றார்.

மழை விட்டு நான்கு நாள் வெயில் அடித்த பிறகும் ஈரம் காயவில்லை. மறுபடி சொன்னேன். அவர் நாற்காலி போட்டு ஏறி விரலால் சுண்டிப் பார்த்தார். ஈரக் காரை கொஞ்சம் அவர் சட்டைக் கழுத்துக்குள் விழுந்தது. இறங்கி வந்து, "குழாய் லேசா துருப்பிடிச்சிருக்கலாம். சண்டைக் காலத்துல இரும்புக் குழாய்க்கு நான் எங்க போறது? பட்டாளத்துக்கே கிடைக்கல" என்றார். மூன்றாவது தடவை நான் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

அந்தப் பேச்சில்லாத இரண்டாம் நாள்தான், ஆவடி ரோட்டில் லாரிக்கு ஒதுங்கிய அவர் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தார். வலது கால் எலும்பு முறிந்துவிட்டது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து கால் விரல் வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஆறு வாரம் காலைக் கீழே ஊன்றக் கூடாது. "ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாதும்மா. மாவு இளகிச்சுன்னா எலும்பு நகர்ந்துடும்" என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். நல்ல காற்று வரும் என்று படுக்கையறையில் ஜன்னல் ஓரமாக, அந்த ஈரச் சுவரை ஒட்டி, அவர் கட்டிலைப் போட்டோம். வேறு அறையில் போட்டிருக்கலாம். அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. இரண்டு நாள் விடாமல் கொட்டிய மழை காலையில்தான் விட்டிருந்தது. மறுநாள் கோவில்பதாகையில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று, பம்பு அடிக்கும் அம்மாள் ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பிவிட்டுப் போயிருந்தாள். சாப்பாடு முடிந்து அவர் கண்ணயர்ந்திருந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

தலைக்கு மேலே 'டொக்' என்று ஒரு சத்தம். தேங்காய் விழுந்ததைப் போல. அடுத்து அவர் குரல்.

"இங்க வா! ஓடி வா!"

ஓடினேன். ஈரம் படிந்திருந்த இடத்தில் காரை பெயர்ந்து, ஒரு கை நுழையும் அளவுக்குக் கறுப்பாக ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் சுவரை ஒட்டியும் சுவரை விட்டு விலகியும் கொட்டிக்கொண்டிருந்தது. செம்மண் நிறம். அவர் தலையணை, தோள் எல்லாம் நனைந்துவிட்டன. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து, கட்டுப் போட்ட காலை மறுபக்கம் நகர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிலை இழுத்தேன். பழைய ஈட்டிமரக் கட்டில். அவரோடு சேர்த்து இழுக்க முடியுமா? ஒரு விரல்கடை நகர்ந்து, தரையின் உடைந்த கல்லில் கால் மாட்டி நின்றுவிட்டது. அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கப் பார்த்தேன். என்னைவிட ஒன்றரை மடங்கு கனம். அவர் வலியில் கத்தினார். நான் பயந்து விட்டுவிட்டேன்.

"என்னை விடு. முதல்ல தண்ணிய நிறுத்து. மேல வால்வு, சிவப்பு மையில போட்டேனே..."

சாப்பாட்டு மேஜையில் விரித்திருந்த மெழுகுத்துணியை உருவிக்கொண்டு வந்து கால் மேல் போட்டுச் சுற்றினேன். அப்போது அவர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். நானும் பார்த்தேன். இரண்டு உத்தரங்களுக்கு நடுவே காரை வயிறு போலக் கீழே இறங்கியிருந்தது. அதில் மயிரிழை விரிசல்கள்.

"மேல மழைத் தண்ணி நிக்குதா?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

எனக்குத் தெரியாது. மாடியைப் பெருக்குவது என் வேலை. மழையைச் சாக்கு வைத்துப் பத்து நாளாக நான் ஏறவே இல்லை.

வெளிப்பக்கத்துப் படிக்கட்டில் பாசி. ஒரு இடத்தில் வழுக்கி முழங்கால் தேய்ந்தது. மேலே போய்ப் பார்த்தேன். மொட்டை மாடி முழுவதும் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். கைப்பிடிச் சுவருக்குள் ஒரு குளம். பக்கத்து வேப்ப மரத்தின் இலையும் குச்சியும் மிதந்துகொண்டிருந்தன. மழைத் தண்ணீர் வெளியேறும் இரண்டு தூம்புகளும் இருந்த இடமே தெரியவில்லை. தொட்டியிலிருந்து வரும் குழாய் மாடித் தரைக்குள் நுழையும் இடத்தில் முறிந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அந்த இடத்தில் தண்ணீர் கொப்புளித்துச் சுழன்று உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டித் தண்ணீர், மழைத் தண்ணீர் இரண்டும் சேர்ந்து என் கணவர் தலை மேல் போய்க்கொண்டிருந்தன.

வால்வைக் கண்டுபிடித்தேன். படத்தில் இருந்த அதே இடம். சிறிய இரும்புச் சக்கரம். பிடித்துத் திருகினேன். அசையவில்லை. முந்தானையைச் சுற்றிப் பிடித்து, உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்துத் திருகினேன். 'டக்' என்று திரும்பியது. ஆஹா என்று நினைத்தேன். சக்கரம் மட்டும் முறிந்து என் கையோடு வந்துவிட்டது.

கைப்பிடிச் சுவரில் குனிந்து கீழே ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன். "வால்வு உடைஞ்சுபோச்சுங்க! சக்கரம் கையோட வந்துடுச்சு!"

கூரை விழுந்துவிட்டதோ என்று நான் நினைப்பதற்குள் அவர் குரல் ஜன்னல் வழியாக வந்தது.

"தொட்டி மூடியத் திற! உள்ள அடியில ஓட்டை இருக்கும். எதையாவது வச்சு அடை! தொட்டித் தண்ணி முழுக்க மாடியில இறங்கினா இந்தக் கூரை தாங்காது. சீக்கிரம்!"

தொட்டி நான்கு செங்கல் தூண்கள் மேல் இருந்தது. பக்கவாட்டில் கம்பிப் படி இரண்டு. ஏறி மூடியைத் தள்ளினேன். உள்ளே இருட்டு. தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது. கையை விட்டுத் துழாவினேன். தோள் வரை விட்டும் அடி எட்டவில்லை. இறங்கினால்தான் உண்டு. எனக்கு நீந்தத் தெரியாது. கிணற்றைக்கூடத் தள்ளி நின்று எட்டிப் பார்க்கிறவள் நான். விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரே என்று சொல்லி, இரண்டு காலையும் உள்ளே போட்டேன்.

தண்ணீர் நெஞ்சுக்குக் கீழே நின்றது. குளிர் முதுகெலும்பில் ஏறியது. அடியில் சேறு வழவழவென்று இருந்தது. ஓட்டையைக் காலால் தேடினேன். ஒரு மூலையில் பாதத்தை ஏதோ இழுத்தது. பயந்து காலை எடுத்துவிட்டேன். பிறகு புரிந்தது: தண்ணீர் அங்கேதான் இறங்குகிறது. வலது குதிகாலை அதன் மேல் வைத்து அழுத்தினேன். கப்பென்று பிடித்துக்கொண்டது. தொட்டிக்குள் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த உறிஞ்சும் சத்தம் நின்றது.

நின்றுவிட்டது என்ற சந்தோஷம் இரண்டு மூச்சுக்குத்தான். காலை எடுத்தால் மறுபடி கொட்டும். எடுக்காவிட்டால் நான் இங்கேயே நிற்க வேண்டும். மாடியில் நிற்கும் மழைத் தண்ணீரோ இன்னும் குழாய் முறிந்த இடத்தின் வழியாக இறங்கிக்கொண்டுதான் இருக்கும். கத்தினேன். "யாராவது வாங்க! யாராவது வாங்க!" இரும்புச் சுவர்களுக்குள் என் குரல் எனக்கே திரும்பி வந்து காதை அடைத்தது. தெருவில் பட்டாள லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும் சத்தம் கேட்டது. அவர்களுக்கு எங்கே கேட்கப் போகிறது?

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த இருட்டில், ஒற்றைக்காலில் நின்றபோது எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது: 'நனையட்டும். மூன்று தடவை சொன்னேன் இல்லையா? கொஞ்சம் நனையட்டும்.' அது பயத்தைவிடத் தெளிவாக இருந்தது. அடுத்த கணம் கீழேயிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. பகலில் பிறர் காதில் விழும்படி அவர் என் பெயரைச் சொன்னதே இல்லை. கூப்பிட்டார், நிறுத்தினார், மறுபடி கூப்பிட்டார். என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை.

அடைக்க என்ன இருக்கிறது? என்னிடம் இருந்தது புடவைதான். முந்தானையை இழுத்து முறுக்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். முகம் தண்ணீருக்குள் போனதும் மூக்கில் ஏறி, நிமிர்ந்து இருமினேன். இரண்டாவது தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டு முழுதாக உட்கார்ந்தேன். குதிகாலை நகர்த்தி, முறுக்கிய துணியை அந்த இடத்தில் திணித்தேன். தண்ணீரே அதை உள்ளே இழுத்துக்கொண்டது. இன்னும் இழுத்தது. சாண், முழம் என்று என் இடுப்பிலிருந்து புடவை உருவிக்கொண்டு போனது. கொசுவத்தையும் அவிழ்த்து விட்டேன். துணி சுருண்டு இறுகி, இதற்கு மேல் போகாது என்று நின்றது. மீதியைப் பந்தாக உருட்டி அதன் மேல் வைத்து அமுக்கினேன். காலால் தொட்டுப் பார்த்தேன். இழுக்கவில்லை.

எப்படி வெளியே ஏறினேன் என்று நினைவில்லை. முழங்கையில் தோல் உரிந்திருந்ததை மறுநாள்தான் பார்த்தேன். ரவிக்கையும் பாவாடையுமாக, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, பட்டப்பகலில், ரோட்டைப் பார்த்த மொட்டை மாடியில் நின்றேன். ஒரு லாரியிலிருந்து யாரோ சீட்டி அடித்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. தூம்பு இருக்கும் மூலைக்குப் போய் மண்டியிட்டு, இரண்டு கையாலும் இலைக் குப்பையை வாரினேன். வார வாரச் சேறாக வந்தது. அதற்குள் ஒரு கந்தல் சாக்குத் துண்டு சிக்கியிருந்தது. அதைப் பிடித்து இழுத்தேன். வந்தது. தண்ணீர் ஓவென்று வெளியே பாய்ந்தது.

"டீச்சரம்மா! இன்னாம்மா இது, மாடிலேர்ந்து ஆறு மாதிரி ஊத்திக்கினு கீது?"

கீழே பம்பு அடிக்கும் அம்மாள். ஆட்டுக்குத் தழை அறுக்கப் பின்னால் இருந்த தோப்புக்கு வந்தவள், என் கத்தல் காதில் விழுந்து ஓடி வந்திருக்கிறாள். தழைக்கட்டு இன்னும் இடுப்பில் இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள். "யம்மாடி! பொடவ எங்கம்மா?"

"உள்ள ஐயா மாட்டிக்கிட்டு இருக்கார். கூரை விழப்போகுது. போங்க, நான் வரேன்!"

நான் படியிறங்கி வருவதற்குள் அவள் படுக்கையறைக்குள் இருந்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது. நெஞ்சு மேல் காரைத் துண்டுகள்.

"ஒரு ஜமக்காளம் குடும்மா. பெரிசா, கெட்டியா."

கொடுத்தேன். அதை அவருக்கு அடியில் பாதி செருகி, இந்தப் பக்கம் புரட்டி, அந்தப் பக்கம் உருவினாள். "கால நீ புடி. கட்ட தூக்கிப் புடி, தண்ணி படாம. அண்ணாத்தே, நீ பல்லக் கடிச்சிக்கோ. கத்துனா கத்திக்கோ, யாரும் சிரிக்க மாட்டாங்க." தலைமாட்டு முனைகள் இரண்டையும் தோளில் போட்டு அவள் இழுக்க, நான் கால் பக்கத்தைத் தாங்கினேன். கட்டிலிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து வாசற்படிக்கு, வாசற்படி தாண்டிக் கூடத்துக்கு. ஒவ்வொரு அடிக்கும் நான் கூரையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கூடத்தில் அவரைக் கிடத்தியதும் அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள், கூரை வெளியே வந்துவிடும் என்பதைப் போல. பிறகு தன் முந்தானையால் என் தலையைத் துவட்டி, "போ, போய் வேற ஒண்ண சுத்திக்கோ" என்றாள்.

கூரை அன்று விழவில்லை. மறுநாளும் விழவில்லை. பட்டணத்திலிருந்து வந்த வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆபத்து என்று ஆள் வைத்து இடிக்கச் சொன்னார். இரண்டு கொத்தனார்கள் கடப்பாரையோடு பாதி நாள் போராடினார்கள். அவ்வளவு கெட்டி. எனக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆனால் மாவுக்கட்டு நனைந்துவிட்டது. மெழுகுத்துணியையும் மீறிக் கணுக்கால் பக்கம் ஊறிக் களிபோல ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையே வண்டி பிடித்து, அந்த அம்மாளும் கல்யாணத்தை விட்டுவிட்டுக் கூடவே வர, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என்னைத் திட்டினார். என் கணவர் குறுக்கே பேசினார்: "அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க சார். தப்பு என்னோடது." புதுக் கட்டோடு இன்னும் எட்டு வாரம் படுத்திருந்தார். கால் கூடிவிட்டது. நடக்கும்போது லேசான சாய்வு மட்டும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

நாலைந்து நாள் கழித்து, கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: "தொட்டிக்குள்ள ரொம்ப இருட்டா இருந்துச்சா?"

இருந்தது என்றேன். பிறகு, அங்கே நின்று நான் நினைத்ததையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், என்னால் முடியவில்லை. அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "நீ நினைச்சது எனக்குக் கேட்டிருந்தா நானும் 'நனையட்டும்'னுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

குழாய் ரிப்பேர்க்காரர் அம்பத்தூரிலிருந்து வந்தார். வயதானவர், காது மந்தம். எங்கேயோ இடித்த பங்களாவிலிருந்து எடுத்த பழைய குழாயும் வால்வும் கொண்டு வந்தார். தொட்டியில் இருந்த புடவையை எடுக்க அவருக்கு ஒரு மணி நேரமாயிற்று. நார் நாராக வந்தது. வேலை முடிந்ததும் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எந்தப் பக்கம் திருகினால் மூடும், எத்தனை சுற்று, எண்ணெய் எங்கே விட வேண்டும். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "பொம்பளைங்களுக்கு இது இன்னாத்துக்கும்மா?" என்று உரக்கக் கேட்டார்.

கீழேயிருந்து என் கணவர் அதைவிட உரக்கக் கத்தினார்: "சொல்லிக் குடுங்க பெரியவரே! நல்லா சொல்லிக் குடுங்க!"

சொல்லிக் கொடுத்தார். வால்வு என்பது திருகாமல் விட்டால் செத்துப்போகும் என்றார். மாதம் ஒரு தடவையாவது மூடித் திறக்க வேண்டும். முழுக்கத் திறந்தபின் அரைச் சுற்று திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும். துரு எங்கே முதலில் பிடிக்கும் என்று காட்டினார்: குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில், சுண்ணாம்பு தொடும் இடத்தில். காய்ந்த நாளில் ஈரம் தெரிந்தால் அது மழை இல்லை என்றார்.

அதன் பிறகு அந்த வீட்டில் இருந்தவரை, மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்களுக்குக் குழாய் நாள். நான் காலையில் மாடிக்குப் போய்த் தூம்பு இரண்டையும் வாரிவிட்டு, வால்வுக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுவேன். அவர் கைத்தடியோடு குளியலறையில் நின்று குழாயைத் திறந்து வைத்திருப்பார். நான் மேலே திருகி, "மூடியாச்சு!" என்று குரல் கொடுப்பேன். அவர் பார்த்துவிட்டு, "நின்னுடுச்சு!" என்பார்.

ஒரே ஒரு மாதம், "இன்னும் சொட்டுது" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கால் சுற்று திருகினேன்.

"இப்ப?"

"இரு." நான் சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "நின்னுடுச்சு. இறங்கி வா."